"பன்னிரண்டு வயதில் யாருமே குண்டாக இல்லை": ஒரு டெல்லி ஆய்வும் என் தவறான வாசிப்பும்

போன வருஷம் அக்கா போனில் கேட்டாள்: "பையன் எடை ஏறவே மாட்டேங்கறான்டா. பக்கத்து வீட்ல எல்லாம் ஏதோ பவுடர் கலக்கிக் குடுக்கறாங்க. நானும் வாங்கட்டுமா?" அவனுக்கு அப்போது இரண்டரை வயது. நான் அந்த வாரம்தான் ஒரு டெல்லி ஆய்வைப் படித்து முடித்திருந்தேன். புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்ட மிதப்பு வேறு. "ஒல்லியா இருந்தா இருக்கட்டும்க்கா. நம்ம பக்கத்துக் குழந்தைங்க சின்ன வயசுல வேகமா எடை போட்டாத்தான் பின்னாடி சர்க்கரை வருதுன்னு ஆராய்ச்சியே இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பவுடர் வாங்கவில்லை, சரி. ஆனால் தினமும் கொடுத்துவந்த முட்டையை வாரத்துக்கு இரண்டாகக் குறைத்திருக்கிறாள். கேட்டால், "நீதானேடா எடை ஏறக்கூடாதுன்னு சொன்னே?" என்கிறாள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னதை யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே அந்த ஆய்வை மறுபடி எடுத்து, இந்த முறை முடிவுரையை மட்டுமல்ல, எப்படி அளந்தார்கள், யாரை அளந்தார்கள், எந்தக் கோட்டை வைத்து யாரைக் குண்டு என்றார்கள் என்று முழுசாகப் படித்தேன். அதன் குறிப்புகள்தான் இவை. ஆய்வு மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. என் சண்டை பெரும்பாலும் அதைச் சொல்லிக்கொண்டு திரியும் விதத்தோடுதான். நானும் அப்படித் திரிந்தவன்.

முதலில் கதையைச் சொல்கிறேன். 1969 முதல் 1972 வரை, தெற்கு டெல்லியில் லஜ்பத் நகரை ஒட்டிய 12 சதுர கிலோமீட்டர் பரப்பில் வீடு வீடாகப் போய் 20,755 மணமான பெண்களைப் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு உயிருடன் பிறந்த குழந்தைகள் 8,181. பிறந்த மூன்று நாளுக்குள் எடையும் நீளமும் எடுத்தார்கள். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று திரும்பத் திரும்பப் போனார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம், வீடு மாறிப் போகிற குடும்பங்கள், டெல்லி வெயில். இதை 21 வயது வரை தொடர்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. பிறகு அந்தக் குழந்தைகள் 26 முதல் 32 வயதுக்காரர்கள் ஆனபோது, கிடைத்தவர்களைத் தேடிப் பிடித்து, குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்து ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள். 1,492 பேர் கிடைத்தார்கள். சந்தோஷ் பார்கவா, எச்.பி.எஸ். சச்தேவ், இங்கிலாந்தின் சவுதாம்ப்டனிலிருந்து கரோலின் ஃபால், கிளைவ் ஓஸ்மண்ட் முதலியோர் எழுதிய கட்டுரை 2004-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது.

முடிவு என்ன? முப்பதை ஒட்டிய அந்த வயதிலேயே 4.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 10.8 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய நிலை. இவர்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரே மாதிரியான ஒரு பாதை தெரிந்தது. இரண்டு வயது வரை மற்றவர்களைவிட மெலிவு. அதற்குப் பிறகு, உயரத்தை வைத்துப் பார்க்கும் எடை, அதாவது பி.எம்.ஐ., மற்றவர்களைவிடச் சீக்கிரமாக மேலே திரும்புகிறது. திரும்பியபின் ஏறிக்கொண்டே போகிறது. இதில் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: இவர்களில் ஒருவர்கூட 12 வயதில் உடல்பருமன் கொண்டவராக இல்லை.

இதைப் படித்ததும் மூளையில் ஒரு வெளிச்சம் அடிக்கும். குண்டுக் குழந்தைகளைப் பற்றிய எச்சரிக்கையெல்லாம் இவர்களைத் தொடாமலே போயிருக்கும். பள்ளி மருத்துவப் பரிசோதனையில் 'நார்மல்' என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். அத்தனை அழகான வாக்கியம் என்பதால்தான் அதைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

'உடல்பருமன் இல்லை' என்றால் எந்தக் கோட்டை வைத்து? அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த கோடு, டிம் கோல் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளரும் கூட்டாளிகளும் 2000-ல் வரைந்தது. 18 வயதில் பி.எம்.ஐ. 30 என்ற புள்ளியில் போய்ச் சேரும்படி ஒரு வளைகோட்டைப் பின்னோக்கி இழுத்தால், 12 வயதுப் பையனுக்கு அது சுமார் 26-ல் நிற்கும். அதற்குத் தரவு கொடுத்த நாடுகள் ஆறு: பிரேசில், பிரிட்டன், ஹாங்காங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா. இந்தியா இல்லை. 1980-களின் டெல்லியில் 12 வயதில் 26-ஐத் தாண்டிய பிள்ளையைத் தேடுவது, எங்கள் தெருவில் ஏழடி ஆளைத் தேடுவது மாதிரி. ஆகவே 'ஒருவரும் குண்டில்லை' என்பதில் பாதி அந்தக் குழந்தைகளைப் பற்றிய செய்தி, மீதிப் பாதி அந்தக் கோட்டைப் பற்றிய செய்தி. 2015-ல் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தன் வளர்ச்சி வரைபடத்தைத் திருத்தியபோது, பெரியவர்களின் 23-க்கும் 27-க்கும் சமமான கோடுகளைப் போட்டது இதனால்தான். அந்தக் கோட்டை வைத்து டெல்லிப் பிள்ளைகளைப் பார்த்திருந்தால் 'ஒருவருமே' என்ற சொல் நின்றிருக்குமா என்பது வேறு கேள்வி. கட்டுரை எழுதியவர்கள் அன்று இருந்த கோட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள், அதில் தப்பில்லை. அதையே இருபது வருஷம் கழித்து ஸ்லைடில் போட்டுக் கைதட்டு வாங்குகிறவர்கள் எந்தக் கோடு என்று ஒரு வரி சேர்க்கலாம்.

அடுத்தது எண். இரண்டு வயதுக்கும் 12 வயதுக்கும் நடுவே பி.எம்.ஐ. ஒரு திட்ட விலக்கம் கூடுதலாக ஏறியிருந்தால், பின்னாளில் சர்க்கரைக் கோளாறுக்கான ஆட்ஸ் விகிதம் 1.36. நம்பகமான எல்லை 1.18 முதல் 1.57 வரை. 'ஆபத்து 36 சதவீதம் அதிகம்' என்று இதைத் தமிழாக்கிவிட்டால் பயமாகத்தான் இருக்கும் (நான் அக்காவிடம் எண் சொல்லாமல் குரலிலேயே அந்தப் பயத்தை ஏற்றிவிட்டேன்). கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடுவோம். மொத்தத்தில் நூற்றுக்கு 15 பேருக்கு ஏதோ ஒரு சர்க்கரைக் கோளாறு. அந்த 15-ஐ அடிப்படையாக வைத்து 1.36-ஆல் ஆட்ஸைப் பெருக்கினால் நூற்றுக்கு சுமார் 20. அதாவது, நன்றாகவே வேகமாக எடை ஏறிய நூறு பிள்ளைகளில் கூடுதலாக ஐந்து பேர். மக்கள்தொகைக் கணக்கில் இது பெரிய எண். இந்தியா அளவுக்குப் பெருக்கினால் தலை சுற்றும். ஆனால் ஒரு வீட்டில், ஒரு பையனின் தட்டைப் பார்த்து முட்டையை எடுத்துவிடுவதற்கான எண் இது இல்லை.

8,181-ல் 1,492 பேர்தான் கடைசியில் சிக்கினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்தப் பகுதிக் குடும்பங்கள் அன்றைய நாட்டுச் சராசரியைவிடப் படிப்பிலும் வருமானத்திலும் மேலே இருந்தவை. அதிலும் முப்பது வருஷம் கழித்து விலாசம் தெரிந்து கிடைத்தவர்கள் என்றால் இன்னும் சல்லடையில் தங்கியவர்கள். இப்படி நெடுங்காலம் போகும் எந்த ஆய்விலும் இது நடக்கும். குற்றமாகச் சொல்லவில்லை, தர்மபுரிக்கோ மட்டக்களப்புக்கோ அப்படியே தூக்கி ஒட்டமுடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நான் உண்மையில் சறுக்கிய இடம்.

குழந்தையின் பி.எம்.ஐ. நேர்க்கோட்டில் ஏறாது. முதல் வருஷம் ஏறும், கன்னம் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்து, எல்லோரும் தூக்கிக் கொஞ்சுகிற காலம் அது. ஒரு வயதை ஒட்டி 17-க்குப் பக்கத்தில் இருக்கும். நடக்கத் தொடங்கியதும் இறங்க ஆரம்பித்து, ஐந்து வயது வாக்கில் 15-ஐ ஒட்டி வந்துவிடும். "பிள்ளை இளைச்சுட்டான்" என்று பாட்டிகள் புலம்புவது சரியாக இந்தக் காலத்தில்தான், அந்த இளைப்பு இயல்பானது. பிறகு அடிமட்டத்தைத் தொட்டு மறுபடி ஏறும். இப்படித் திரும்புகிற வயதுக்கு 'அடிபாசிட்டி ரீபவுண்ட்' என்று பெயர். பிரான்சின் மரி-ஃபிரான்சுவாஸ் ரோலன்-கஷேரா 1984-ல் இதைக் கவனப்படுத்தினார்: சராசரியாக ஆறு வயதில் திரும்புகிறது, ஐந்தரை வயதுக்கு முன்பே திரும்பிவிட்ட பிள்ளைகள் பின்னாளில் பருமனாகிறார்கள்.

இதைப் படிக்கும்போது, அந்தத் திருப்பத்தில் உடம்புக்குள் ஏதோ ஒரு சுவிட்ச் விழுவதாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஐந்து வயது வரை எப்படியாவது பிள்ளையின் எடையை ஏறவிடாமல் பிடித்து வைத்தால் சுவிட்சைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு கணக்கு. டெல்லிக் கட்டுரை வந்த அதே 2004-ல், மேலே சொன்ன டிம் கோல் 'குழந்தைகள் வளர்கின்றன, குதிரைகள் ஓடுகின்றன' என்ற மாதிரித் தலைப்பில் எழுதிய கட்டுரையை நான் அப்போது படித்திருக்கவில்லை. அவர் சொல்வது எளிது. பி.எம்.ஐ. ஏற்கெனவே உயரமான கோட்டில் இருக்கும் பிள்ளைக்கும், கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்குத் தாவிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் வளைகோட்டின் அடிமட்டம் கணக்குப்படியே முன்னால் வந்துவிடும். அது ஒரு சம்பவம் கிடையாது, வேகமாக ஏறுவதன் நிழல். பொங்கல் பானை சீக்கிரம் பொங்கினால் அடுப்பில் தீ அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம். பொங்குகிற அந்த நொடியில் பானைக்குள் விசேஷமாக ஏதோ நடந்தது என்று அர்த்தமில்லை. மேலும், பொங்கிய பிறகுதான் பொங்கிவிட்டது என்றே தெரியும். ரீபவுண்டும் அப்படி, தாண்டிப்போய் ஒன்றிரண்டு வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால்தான் எந்த வயதில் திரும்பினான் என்று சொல்லமுடியும். அதை வைத்து ஒரு தாய் என்ன முடிவெடுப்பாள்?

அதே கோல், ஆலன் லூகாஸ், மேரி ஃபியூட்ரெல் இருவரோடு 1999-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்' வேறொன்றையும் சொல்லியிருந்தார். பிறந்த எடைக்கும் பின்னாளைய நோய்க்கும் இருக்கும் தொடர்பு, இப்போதைய உடல் அளவைச் சரிக்கட்டிய பிறகுதான் தெரிகிறது என்றால், அங்கே பேசுவது பிறந்த எடை மட்டுமல்ல, இரண்டுக்கும் நடுவில் நடந்த மாற்றமும்தான். டெல்லிக் குழு இதைப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறது. அதனால்தான் அது ஒரு வயதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் பாதையைப் பேசுகிறது. 'மெலிந்து பிறந்தால் சர்க்கரை', 'சின்னதில் குண்டானால் சர்க்கரை' என்று அதை இரண்டு துண்டாக வெட்டிக்கொண்டது படிக்கிற நாம்தான். வெட்டிய துண்டு இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான அறிவுரை தருவதைப் பாருங்கள்.

பி.எம்.ஐ. கொழுப்பை அளப்பதில்லை என்ற பழைய புகார் இங்கே வெறும் சம்பிரதாயம் இல்லை. அதே டெல்லிக் கூட்டத்தை வைத்து சச்தேவும் மற்றவர்களும் 2005-ல் எழுதிய இன்னொரு கட்டுரை இருக்கிறது. முதல் கட்டுரைக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். கைக்குழந்தைப் பருவத்திலும் ஆரம்பக் குழந்தைப் பருவத்திலும் ஏறிய பி.எம்.ஐ., பெரியவரானபோது கொழுப்பைவிடத் தசையோடும் எலும்போடும்தான் அதிகம் சேர்ந்து போகிறது. பின்குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் ஏறியது கொழுப்போடு சேர்ந்து போகிறது. அதாவது, ஒரே 'எடை ஏற்றம்' ஆறு மாதத்தில் ஒன்றாகவும் பத்து வயதில் வேறொன்றாகவும் இருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலினின் உதவியோடு உள்ளே இழுத்துக்கொள்வது தசை. தசை நார்களின் எண்ணிக்கை பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வயிற்றிலும் முதல் இரண்டு வருஷத்திலும் கட்டவேண்டிய தசையைக் கட்டாமல் விட்டுவிட்டு, பிறகு வயிற்றுப் பகுதியிலும் ஈரலிலும் கொழுப்பை ஏற்றினால், சின்னக் கடையில் பெரிய சரக்கை இறக்கிய கதைதான். கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து கொஞ்சகாலம் சமாளிக்கும். பிறகு திணறும். டெல்லிப் பாதையை இப்படித்தான் பெரும்பாலானோர் விளக்குகிறார்கள், எனக்கும் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் டெல்லியில் சின்ன வயதில் யாருக்கும் கொழுப்பைத் தனியாக அளக்கவில்லை. எடையும் உயரமும் மட்டும்தான் கையில் இருந்தன. விளக்கத்தை நாம்தான் மேலே போர்த்தியிருக்கிறோம்.

கொழுப்பை அளந்தது புணே. இங்கேதான் 'மெலிந்த-கொழுத்த இந்தியக் குழந்தை' என்ற பிரபலமான பிரயோகம் வருகிறது. சித்தரஞ்சன் யாக்னிக் குழு புணே அருகே ஆறு கிராமங்களில் பிறந்த குழந்தைகளைச் சவுதாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-ல் எழுதியது. புணேக் குழந்தை சராசரியாக 2.7 கிலோ, சவுதாம்ப்டன் குழந்தை 3.5 கிலோ. எல்லா அளவிலும் புணேக் குழந்தை சிறியதுதான், ஆனால் ஒரே சீராகச் சிறியதல்ல. வயிற்றுச் சுற்றளவு 2.38 திட்ட விலக்கம் குறைவு, முதுகில் தோள்பட்டைக்குக் கீழே காலிப்பரால் பிடித்து அளக்கும் தோல் மடிப்பு 0.53 மட்டுமே குறைவு. அதாவது தசையும் உள்ளுறுப்பும் நிறையச் சுருங்கியிருக்கின்றன, தோலடிக் கொழுப்பு அவ்வளவாகச் சுருங்கவில்லை.

குறைவு என்பதை மறுபடி படியுங்கள். அந்த ஆய்வில் புணேக் குழந்தையின் மடிப்பு ஆங்கிலக் குழந்தையுடையதைவிடத் தடிமன் இல்லை. எடையோடு ஒப்பிட்டால்தான் கொழுப்பு தூக்கலாகத் தெரிகிறது. 'நம் குழந்தைகள் வெள்ளைக்காரக் குழந்தைகளைவிட அதிகக் கொழுப்போடு பிறக்கின்றன' என்று இதைச் சொல்வது தவறு. நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: 2009-ல் நீனா மோடி குழு புணேக் குழந்தைகளையும் லண்டன் குழந்தைகளையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, எடை குறைவாக இருந்தும் மொத்தக் கொழுப்பு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது, வயிற்றுப் பகுதியில் இந்தியக் குழந்தைகளுக்கே கூடுதல். ஆக யாக்னிக்கின் உள்ளுணர்வு சரி. அதை ஒரு இன முத்திரை மாதிரி, 'நம்ம ஜீனே அப்படி' என்று முடித்துவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. ஜீன் என்று சொல்லிவிட்டால் கர்ப்பிணியின் தட்டைப் பற்றி, அவளுடைய உயரத்தைப் பற்றி, அவள் சுமக்கிற தண்ணீர்க் குடத்தைப் பற்றிப் பேசவேண்டியதில்லை அல்லவா?

(இதே யாக்னிக், ஜான் யட்கின் என்ற ஆங்கிலேய நண்பரோடு நின்று எடுத்த படத்தை 2004-ல் 'லான்செட்' வெளியிட்டது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. கட்டுரையே ஒரு பக்கம்தான். நான் பார்த்த மருத்துவப் படங்களில் இதைப்போல் சிரிப்பும் கவலையும் ஒருசேர வரவழைத்தது வேறில்லை. ஆனால் இரண்டே பேர், அதிலும் ஒருவர் ஓடுகிற பழக்கமுள்ளவர். இதைக் காட்டி வகுப்பு எடுக்கலாம், ஆதாரம் என்று சொல்லக்கூடாது.)

சரி, அக்காவுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இதற்கு விடை டெல்லிக் கட்டுரையில் தனியாகக் கிடைக்காது. டெல்லியையும் சேர்த்து பிரேசில், குவாதமாலா, பிலிப்பைன்ஸ், தென் ஆப்பிரிக்கா என்று ஐந்து பிறப்புக் கூட்டங்களை ஒன்றாக்கி லிண்டா அடேர் முதலியோர் 2013-ல் 'லான்செட்'டில் எழுதியதில் கிடைக்கிறது. அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், எடை ஏற்றத்தை இரண்டாகப் பிரித்தது: உயரம் வளர்வதால் கூடவே வருகிற எடை ஒன்று, உயரத்துக்கு மேல் கூடுதலாகச் சேருகிற எடை இன்னொன்று. முதல் இரண்டு வருஷத்தில் உயரம் வேகமாக வளர்ந்தவர்கள் உயரமான பெரியவர்கள் ஆனார்கள், அதிக வருஷம் படித்தார்கள், நோய் ஆபத்தில் பெரிய விலை எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு வயதுக்குமேல், உயரத்தை மிஞ்சி எடை போட்டவர்களுக்குத்தான் பிற்காலத்தில் பருமனும் ரத்த அழுத்தமும் கூடின.

இதைப் படித்துவிட்டு நம் நடைமுறையைப் பாருங்கள். பல காலமாக அங்கன்வாடிச் சுவரில் தொங்கியது வயதுக்கேற்ற எடை அட்டை. தராசு சீக்கிரம் கிடைத்துவிட்டது, உயரம் அளக்கும் பலகை அப்படிக் கிடைக்கவில்லை. இப்போது உயரமும் எடுக்கிறார்கள். ஆனால் வீட்டில், கிளினிக்கில், கல்யாண வீட்டில் இன்றும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கிலோ?" வயதுக்கேற்ற எடை என்பது குட்டையான பிள்ளையையும் மெலிந்த பிள்ளையையும் ஒரே பெட்டியில் போடும். மெலிந்தவனுக்கு ஊட்டினால் நிரம்பும். குட்டையாக, ஆனால் அந்த உயரத்துக்குப் போதுமான சதையோடு இருப்பவனுக்குச் சர்க்கரையும் எண்ணெயும் கூடுதலாக ஊட்டினால் அவன் உயரமாக மாட்டான், அகலமாவான். தராசு முள் நகரும், எல்லோருக்கும் சந்தோஷம். சிலியில் இதை ரிக்கார்டோ உவாய், ஹூலியானா கைன் இருவரும் 2002-லேயே எழுதிவிட்டார்கள்: குறைஎடை ஏறக்குறைய ஒழிந்த பிறகும் பழைய மாதிரியே கலோரியை வழங்கிக்கொண்டிருந்தால் சத்துணவுத் திட்டமே பருமனுக்குத் துணைபோகும். திட்டத்தை நிறுத்து என்று அவர்கள் சொல்லவில்லை, உயரத்தையும் சேர்த்து அள, தட்டில் இருப்பதை மாற்று என்றார்கள்.

நம் கணக்கும் இந்தக் குழப்பத்தைத்தான் காட்டுகிறது. 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 35 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் அதிக எடையுள்ளோர் 4 சதவீதம், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்போர் 10 சதவீதம். குண்டாக இருப்பவர்களைவிட ரத்தம் மாறியவர்கள் அதிகம். டெல்லிக் கட்டுரை இதைத்தான் சொன்னது என்று இப்போது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனையும் சொன்னதால், சின்ன வயதிலேயே நிஜமாகக் குண்டாகிவிட்ட பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். (ஒருமுறை சூடுபட்டவன், அதனால் சொல்லிவைக்கிறேன்.) ஜெர்மனியின் லைப்சிக் நகரக் குழு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்து 2018-ல் காட்டியது: மூன்று வயதில் உடல்பருமன் இருந்தவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் வளரிளம் பருவத்திலும் அதிக எடையோடோ பருமனோடோதான் இருந்தார்கள். பருமனான வளரிளம் பருவத்தினரின் எடை மிக வேகமாக எகிறியது இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவே. "வளர்ந்தா சரியாயிடும்" என்ற நம் ஆறுதல் அங்கே பெரும்பாலும் பொய்த்திருக்கிறது. இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் உயரத்துக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள் நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வில் 2.1 சதவீதம், ஐந்தாவதில் 3.4. சின்ன எண்தான், போகிற திசை நல்லதாக இல்லை. ஆனால் கதவு மூடிவிடவும் இல்லை: டென்மார்க்கில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்தபோது, ஏழு வயதில் அதிக எடையோடிருந்து 13-க்குள் அது குறைந்தவர்களுக்குச் சர்க்கரை ஆபத்து, எப்போதுமே அதிக எடை இல்லாதவர்களுடையதை ஒத்தே இருந்தது. டேனிஷ் உடம்பில் பார்த்தது நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி இருக்கிறது. இருந்தாலும், ஏழிலிருந்து பதின்மூன்று வரை ஆறு வருஷம் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

தீபாவளிக்கு மறுநாள் கதவோரம் பையனை நிறுத்தி, தலைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டமாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 93 சென்டிமீட்டர். எடை 13.2 கிலோ. வயது மூன்றரை. பி.எம்.ஐ. 15.3, உலகச் சுகாதார நிறுவனத்தின் வளைகோட்டில் கிட்டத்தட்ட நட்டநடு. அவன் ஒல்லியே இல்லை, கொஞ்சம் குட்டை. தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தோம்: இரண்டு வயதில் 82.5. அப்போது எந்தக் கோட்டில் இருந்தானோ ஏறக்குறைய அதே கோட்டில்தான் இப்போதும். என் உளறலால் கண்ணுக்குத் தெரிந்த சேதம் இல்லை.

"அப்போ முட்டை?" என்றாள் அக்கா.

"தினமும் குடுக்கா. பருப்பு, பால், பழம் எல்லாம் எப்பவும் போல. அந்தப் பவுடர் மட்டும் வேண்டாம்."

"போன தடவையும் இதே மாதிரிதான் அடிச்சுச் சொன்னே" என்று சொல்லிக்கொண்டே பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் தேதி எழுதினாள். பொங்கலுக்குப் போகும்போது மறுபடி அளக்கவேண்டும்.